பச்சை முக்கோணம் குளத்தைக் காக்குமா?

நாசரேத், ஆழ்வார்திருநகரி, குரும்பூர் வட்டாரங்களில் நெல்லும் வாழையும் வெற்றிலையும் பயிரிடும் விவசாயிகள் பூச்சிமருந்துக் கடையில் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இது கடுமையான மருந்தா, லேசான மருந்தா?" என்பதே அது. கடைக்காரர் டப்பாவைத் திருப்பி, அதில் அச்சிட்டிருக்கும் முக்கோணத்தைக் காட்டுவார். சிவப்பு என்றால் கடுமை, பச்சை என்றால் லேசு. இந்தப் பதில் தவறல்ல. ஆனால் இது பாதிப் பதில்தான். மருந்து தெளிப்பவரின் உடலுக்கு லேசானது, வயலில் நிற்கும் தண்ணீருக்கும் லேசானதாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

இது நமக்கு ஏன் முக்கியம் என்றால், நம் பகுதியில் தண்ணீர் ஓர் இடத்தில் நிற்பதில்லை. ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து பிரியும் தென்கால் வழியாகத் தாமிரபரணி நீர் கடம்பாகுளத்துக்கும் மற்றக் குளங்களுக்கும் வருகிறது. மேல்வயலின் வடிநீர் கீழ்வயலுக்குப் பாய்கிறது. கீழ்வயலின் வடிநீர் ஓடைக்கும் அடுத்த குளத்துக்கும் போய்ச் சேருகிறது. அந்தக் குளத்தில்தான் மாடு குடிக்கிறது. அந்தக் குளத்தில்தான் குத்தகைக்கு மீன் வளர்க்கிறார்கள். ஆகவே வயலில் தெளிக்கும் மருந்து தண்ணீரில் என்ன செய்கிறது என்பதையும் விவசாயி தெரிந்துகொள்ள வேண்டும்.

முக்கோணம் சொல்வது என்ன?

1958ஆம் ஆண்டு கேரளத்தில், கப்பலில் வந்த கோதுமை மாவில் பாரத்தியான் என்ற பூச்சிமருந்து கலந்துவிட்டதால் நூறு பேருக்கு மேல் இறந்தனர். அதன் பிறகுதான் பூச்சிமருந்துகளைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டம் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1968இல் பூச்சிமருந்துச் சட்டமும் 1971இல் அதன் விதிகளும் வந்தன. டப்பாவில் உள்ள வண்ண முக்கோணம் இந்த விதிகளின்படி அச்சிடப்படுவது.

மருந்தை எலிகளுக்கு வாய்வழியே கொடுத்து, அவற்றில் பாதி இறப்பதற்கு எவ்வளவு தேவை என்று பார்க்கிறார்கள். எலியின் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரையே போதுமானால் சிவப்பு. 51 முதல் 500 வரை மஞ்சள். 501 முதல் 5,000 வரை நீலம். அதற்கும் மேல் தேவைப்பட்டால் பச்சை. எலியின் உடல் பல வகையில் மனித உடலை ஒத்தது. எனவே இந்த நிறம் மனிதனுக்கும் கால்நடைக்கும் உள்ள ஆபத்தைச் சொல்கிறது. தண்ணீரில் வாழும் சிற்றுயிர்களைப் பற்றி இது எதுவும் சொல்வதில்லை. அதைச் சொல்வதற்கு வேறொரு சோதனை இருக்கிறது.

குளத்தின் குட்டி மந்தை

காலை வெயில் ஏறும் முன் குளத்தங்கரையில் ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் முகந்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கடுகில் பாதிகூட இல்லாத வெளிறிய புள்ளிகள் விட்டுவிட்டுத் துள்ளுவதைக் காணலாம். இவையே நீர்த்தெள்ளுகள். தெள்ளுப்பூச்சியைப் போலத் துள்ளுவதால் இந்தப் பெயரே தவிர, இவை பூச்சி இனம் அல்ல. இறால், நண்டு ஆகியவற்றின் உறவினம். உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படும் பெரிய வகைக்கு டாப்னியா என்று பெயர். நம் குளங்களில் மிகுதியாகக் காணப்படுபவை மொய்னா, செரியோடாப்னியா என்னும் சிறிய வகைகள்.

மாடு புல்லை மேய்வதுபோல் நீர்த்தெள்ளு தண்ணீரில் மிதக்கும் நுண்பாசியை மேய்கிறது. இடைவிடாமல் தண்ணீரை வடிகட்டிக்கொண்டே இருக்கும். இதை மீன்குஞ்சு தின்கிறது. குளங்களில் விடப்படும் கட்லா மீன் குஞ்சுப் பருவத்தில் மட்டுமல்லாமல் வளர்ந்த பிறகும் இத்தகைய மிதக்கும் சிற்றுயிர்களை விரும்பித் தின்பது. நீர்த்தெள்ளு இல்லாத குளத்தில் பாசி மிகும், கட்லா மெலியும். மருந்தினால் மீன் செத்து மிதந்தால் ஊரே பார்க்கும். மீனின் தீவனம் செத்தால் யார் கண்ணுக்கும் தெரியாது. அறுவடையில் எடை குறையும்போதுதான் தெரியும்.

48 மணி நேரச் சோதனை

ஒரு இரசாயனம் தண்ணீருக்கு எவ்வளவு நஞ்சு என்பதை அளக்க நீர்த்தெள்ளுகளையே அளவுகோலாகக் கொள்கிறார்கள். வளர்ந்த நாடுகள் சேர்ந்து நடத்தும் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு இதற்கு ஒரு வழிகாட்டி வகுத்துள்ளது. அதன் எண் 202. இப்போது நடைமுறையில் இருப்பது 2004இல் திருத்தப்பட்ட வடிவம். சோதனை முறை மிக எளிமையானது.

பிறந்து 24 மணி நேரம் ஆகாத குஞ்சுகளை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். நல்ல நிலையில் உள்ள நீர்த்தெள்ளு ஆண் துணையின்றியே குஞ்சு பொரிக்கும். ஒரே தாயின் வழிவந்த குஞ்சுகள் ஒரே வார்ப்பாக இருக்கும். ஒன்று வலுவாகவும் மற்றொன்று நோஞ்சானாகவும் இருந்து கணக்கைக் கெடுப்பதில்லை. சோதிக்க வேண்டிய மருந்தைக் குறைந்தது ஐந்து அளவுகளில் தண்ணீரில் கரைப்பார்கள். ஒவ்வொரு அளவுக்கும் 20 குஞ்சுகள், ஒரு குவளைக்கு ஐந்து வீதம் நான்கு குவளைகள். மருந்தே கலக்காத தண்ணீரிலும் 20 குஞ்சுகளை விடுவார்கள். இதுதான் ஒப்புக் குவளை. தீவனம் எதுவும் போடுவதில்லை. வெப்பம் 18 முதல் 22 டிகிரி வரை இருக்கும்.

24 மணி நேரத்திலும் 48 மணி நேரத்திலும் குவளையை மெதுவாக அசைத்துப் பார்ப்பார்கள். அசைத்த பின் 15 விநாடிக்குள் நீந்தாத குஞ்சு முடங்கியதாகக் கணக்கு. செத்ததா, மயங்கியதா என்று ஆராய்வதில்லை. குளத்தில் நீந்த முடியாத நீர்த்தெள்ளு செத்ததற்குச் சமம்தான். ஒப்புக் குவளைகளிலேயே பத்தில் ஒன்றுக்கு மேல் முடங்கிவிட்டால் அந்தச் சோதனை செல்லாது. குறை மருந்தில் இல்லை, தண்ணீரிலோ வளர்ப்பிலோ இருக்கிறது என்று பொருள்.

உதாரணமாக, மருந்தின் அளவு 1, 2, 4, 8, 16 என்று இருமடங்காக ஏறும்போது, 20 குஞ்சுகளில் முறையே 0, 3, 9, 16, 20 முடங்கியதாக வைத்துக்கொள்வோம். பாதி, அதாவது 10 குஞ்சுகள் முடங்கும் அளவு 4க்குச் சற்று மேலே இருக்கிறது. இதையே பாதியளவு முடக்கும் அளவு என்கிறோம். இந்த எண் சிறியதாக இருக்க இருக்க, மருந்து தண்ணீருக்குக் கடுமையானது.

நீர்த்தெள்ளின் இந்தக் கூருணர்வை ஆற்றுக் காவலுக்கும் பயன்படுத்தியுள்ளனர். 1986 நவம்பர் முதல் தேதி சுவிட்சர்லாந்தில் பாசல் நகருக்கு அருகே ஒரு பூச்சிமருந்துக் கிடங்கு தீப்பிடித்தது. தீயணைத்த தண்ணீரோடு மருந்துகள் ரைன் ஆற்றில் கலந்து, பல நூறு கிலோமீட்டர் தூரத்துக்கு விலாங்கு மீன்கள் மடிந்தன. அதன் பிறகு அந்த ஆற்றங்கரைக் கண்காணிப்பு நிலையங்களில், ஆற்று நீர் இடைவிடாமல் ஓடும் தொட்டிகளில் நீர்த்தெள்ளுகளை விட்டு, அவற்றின் நீச்சலைக் கருவிகளால் கவனித்து வந்தார்கள். நீச்சல் மாறினால் எச்சரிக்கை.

இரண்டு மருந்து, இரண்டு கதை

நெல்லில் தண்டுத் துளைப்பானுக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் இப்போது பரவலாகப் பயன்படும் குளோரான்ட்ரானிலிப்ரோல் பச்சை முக்கோண மருந்து. மனிதனுக்கு ஆபத்து மிகக் குறைவு. மீனையும் அது எளிதில் கொல்வதில்லை. ஆனால் டாப்னியாவில் பாதியை 48 மணி நேரத்தில் முடக்குவதற்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 12 மைக்ரோகிராம் போதும். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரோகிராம்.

சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்குப் பயன்படும் இமிடாகுளோபிரிட் மஞ்சள் முக்கோண மருந்து. மனிதனுக்கு முன்னதைவிடக் கடுமையானது. ஆனால் டாப்னியாவில் பாதியை முடக்க லிட்டருக்கு 85 மில்லிகிராம் வேண்டும். முன்னதைப்போல் ஏழாயிரம் மடங்கு! முக்கோணத்தின் வரிசை தண்ணீரில் அப்படியே தலைகீழாகிவிட்டது.

அப்படியானால் இமிடாகுளோபிரிட் தண்ணீருக்கு நல்லதா? இங்கேதான் கவனம் வேண்டும். நீர்த்தெள்ளுக்கு லேசான இதே மருந்து, தண்ணீரில் வளரும் பூச்சிகளின் இளம் பருவங்களுக்கு மிகக் கடுமையானது. சேற்றில் நெளியும் சிவப்புப் புழுக்களையும், இறக்கை முளைத்து ஓரிரு நாளே வாழும் மெல்லிய பூச்சிகளின் நீர்வாழ் பருவத்தையும் லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அளவிலேயே தாக்குகிறது. நீர்த்தெள்ளை மட்டும் கேட்டால் போதாது என்பது இதனால் தெளிவாயிற்று. 2011இல் சிவப்புப் புழுக்களைக் கொண்டு செய்யும் 48 மணி நேரச் சோதனைக்கும் தனி வழிகாட்டி வெளியாயிற்று. இமிடாகுளோபிரிட் தண்ணீரில் எளிதில் கரையக்கூடியது. தேரி மணல் போன்ற நிலத்தில் கீழே இறங்கவும் கூடியது.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். இது இரண்டு நாள் சோதனை. சிறிய அளவில் பல வாரம் தொடர்ந்து படும் மருந்து, குஞ்சு பொரிப்பதைக் குறைக்கிறதா என்பதை இது காட்டாது. சோதனை நடப்பதும் 20 டிகிரி வெப்பத்தில். நம் குளத்து நீர் அதைவிட மிகச் சூடானது. வெப்பம் மாறினால் நஞ்சின் வேகமும் மாறும். ஆகவே சோதனையில் கிடைக்கும் எண்ணை எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும். "அதற்குக் கீழே இருந்தால் பயமில்லை" என்று எல்லைக்கோடாகக் கொள்ளக் கூடாது.

நம் வயலின் கணக்கு

குளோரான்ட்ரானிலிப்ரோல் 18.5 எஸ்.சி. மருந்து நெல்லுக்கு ஏக்கருக்கு 60 மில்லி. அதில் சுத்த மருந்து 12 கிராம். வயலில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் ஏக்கருக்குச் சுமார் இரண்டு லட்சம் லிட்டர். 12 கிராமும் தண்ணீரில் விழுந்துவிட்டால் லிட்டருக்கு 60 மைக்ரோகிராம். ஐந்தில் ஒரு பங்கு விழுந்தாலே 12 மைக்ரோகிராம். டாப்னியாவில் பாதியை முடக்கும் அளவு இதுதான். பயிர் இளசாக இருந்து தரையை மூடாத சமயத்தில் இவ்வளவு விழுவது அரிதல்ல. வெயிலில் சிதைவதும் சேற்றில் ஒட்டிக்கொள்வதுமாக மருந்து நாளடைவில் குறையும். அதற்கு அவகாசம் கொடுக்காமல் தெளித்த மறுநாளே மடையைத் திறந்துவிடுவதுதான் ஆபத்து.

டப்பா கழுவும் விஷயத்தில் கணக்கு இன்னும் கடுமை. சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் அளவிலேயே நீர்த்தெள்ளுகளை முடக்கிவிடக் கூடியவை. சைபர்மெத்ரின் 10 இ.சி. பாட்டிலின் அடியில் ஒரு மில்லி ஒட்டியிருந்தால், அதில் 0.1 கிராம் சுத்த மருந்து இருக்கிறது. இது ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த அளவுக்கு நஞ்சாக்கப் போதுமானது. பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் உள்ள குட்டையின் கொள்ளளவு இதுவே. "காலி பாட்டில்தானே" என்று குட்டையில் அலசுவதன் விலை இது.

வயலுக்கே நஷ்டம்

"நீர்த்தெள்ளு செத்தால் குளத்துக் குத்தகைக்காரருக்கு நஷ்டம். எனக்கு என்ன?" என்று சிலர் நினைக்கலாம். வயல் நீரில் நமக்கு வேலை செய்யும் கூலியில்லா ஆட்களும் இருக்கிறார்கள். தண்ணீரின் மேல் ஓடும் சிறு நாவாய்ப் பூச்சிகள், நெல் தூரிலிருந்து தவறி விழும் புகையான் குஞ்சுகளைப் பிடித்துத் தின்கின்றன. தட்டான்களின் இளம் பருவம் தண்ணீரில்தான் வளர்கிறது. அது கொசுப்புழுக்களை ஒழிக்கிறது. வளர்ந்த தட்டான் பறந்து வயல் பூச்சிகளைப் பிடிக்கிறது.

பைரித்ராய்டு மருந்தை நெல்லுக்கு அடித்தால் இந்த நண்பர்களும் சிலந்திகளும் முதலில் சாகின்றன. புகையான் மீண்டும் பெருகும்போது தடுக்க ஆள் இல்லை. நெல்லில் புகையான் உள்ள இடங்களில் பைரித்ராய்டு மருந்துகளைத் தவிர்க்கும்படி வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது இதனால்தான். தூருக்கு ஒரு புகையான் இருந்தால் மருந்து தேவை. ஆனால் குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம் என்பது பரிந்துரை. ஒரு சிலந்தியின் மதிப்பு ஒரு தெளிப்புக் கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. வாடலுக்கும் அழுகலுக்கும் பயன்படும் போர்டோ கலவையில் உள்ள மயில்துத்தம் பழைய மருந்து, பழகிய மருந்து. ஆனால் செம்புச் சத்து நீர்த்தெள்ளுக்கும் நத்தைக்கும் கடும் நஞ்சு. தண்ணீர் மென்னீராக இருந்தால் இன்னும் கடுமை. சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீரில் ஓரளவு தணியும். மீந்த கலவையைக் கொடிக்கால் வாய்க்காலில் ஊற்றுவது கூடாது.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. பொருளாதாரச் சேத நிலையைத் தாண்டினால் மட்டுமே மருந்து அடிக்கவும். இலைச்சுருட்டுப் புழுவுக்குப் பயிர் வளர்ச்சிப் பருவத்தில் நூற்றுக்குப் பத்து இலையும், கண்ணாடி இலைப் பருவத்தில் நூற்றுக்கு ஐந்து இலையும் சேதமாகும் வரை காத்திருக்கலாம்.

2. தெளித்த பிறகும் குருணை மருந்து இட்ட பிறகும் குறைந்தது நான்கைந்து நாள் வயல் நீரை வடிக்காமல், தானே சுவறும்படி விடவும். மழை வரும் அறிகுறி இருந்தால் தெளிப்பைத் தள்ளிப் போடவும்.

3. குளக்கரை, வாய்க்கால் ஓரங்களில் நான்கைந்து மீட்டர் இடம் விட்டுத் தெளிக்கவும். காற்று குளத்தை நோக்கி அடிக்கும்போது தெளிக்க வேண்டாம்.

4. காலியான டப்பாவை மூன்று முறை கழுவி, கழுவிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, அதே பயிருக்கு அடித்துவிடவும். டப்பாவை உடைத்து, கிணற்றுக்கும் குளத்துக்கும் எட்டாத இடத்தில் புதைக்கவும். தெளிப்பானைக் குளத்தில் அலசவே கூடாது.

5. மருந்தை உயரமான பலகையில் பூட்டி வைக்கவும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்து, தாமிரபரணிக் கரையெங்கும் வெள்ளம் புகுந்ததை நாம் மறக்கவில்லை. தரையில் வைத்த மருந்து அத்தகைய வெள்ளத்தில் எங்கு போய்ச் சேரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

6. தடை செய்யப்பட்ட மருந்துகளின் பழைய இருப்பைப் பயன்படுத்த வேண்டாம். எண்டோசல்பான் 2011இல் தடையாயிற்று. வாழைக்குப் பலர் இட்டு வந்த போரேட் குருணை 2020 டிசம்பர் 31 முதல் தடையில் உள்ளது. வாழைக்கு நோயற்ற கன்றைத் தேர்ந்து, கிழங்கின் மேல்தோலைச் சீவி நடுவதும், கூன்வண்டுக்குப் பிளந்த வாழைத்தண்டைப் பொறியாக வைப்பதும் மருந்துச் செலவைக் குறைக்கும்.

விவசாயியே செய்யும் ஐந்து பாட்டில் சோதனை

வாய்க்காலிலோ குட்டையிலோ மருந்து கலந்திருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், ஆய்வுக்கூடச் சோதனையின் எளிய வடிவத்தை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பூச்சிமருந்தை நேரடியாக எடுத்து இந்தச் சோதனை செய்யக் கூடாது. சந்தேகப்படும் தண்ணீரை மட்டுமே சோதிக்க வேண்டும்.

அகன்ற வாயுள்ள ஐந்து கண்ணாடிப் பாட்டில்களைச் சோப்பு இல்லாமல் நன்றாகக் கழுவிக்கொள்ளவும். மருந்து படாத குளத்திலிருந்து, நீர்த்தெள்ளு துள்ளும் நல்ல தண்ணீரைத் தனியாக எடுத்துக்கொள்ளவும். முதல் பாட்டிலில் சந்தேகப்படும் தண்ணீரை மட்டும் ஊற்றவும். இரண்டாவதில் அது பாதி, நல்ல குளத்து நீர் பாதி. மூன்றாவதில் கால் பங்கு. நான்காவதில் அரைக்கால் பங்கு. ஐந்தாவதில் நல்ல குளத்து நீர் மட்டும். இதுவே ஒப்புப் பாட்டில். குழாய் நீரைச் சேர்க்கக் கூடாது. அதில் உள்ள குளோரினே நீர்த்தெள்ளைக் கொன்றுவிடும். கடலோர ஊர்களில் உப்பேறிய கிணற்று நீரும் உதவாது.

ஒவ்வொரு பாட்டிலிலும் பத்து நீர்த்தெள்ளுகளைச் சிறு கரண்டியால் மெதுவாக விட்டு, துணியால் மூடி, நிழலில் வைக்கவும். மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே நேரத்தில் பாட்டிலை மெல்ல அசைத்து, 15 எண்ணுவதற்குள் நீந்தாதவற்றை எண்ணிக் குறித்துக்கொள்ளவும். ஒப்புப் பாட்டிலில் ஒன்றுக்கு மேல் முடங்கியிருந்தால் மீண்டும் செய்ய வேண்டும். ஒப்புப் பாட்டிலில் எல்லாம் துள்ள, முதல் பாட்டிலில் எல்லாம் முடங்கினால் அந்தத் தண்ணீரில் கோளாறு உண்டு. நான்காவது பாட்டிலிலும் முடங்கினால் கோளாறு பெரிது.

கோளாறு மருந்தாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உப்பு, அழுகல், சாக்கடை எதுவாகவும் இருக்கலாம். எது என்று இந்தச் சோதனை சொல்லாது. ஆனால் காரணம் தெரியும் வரை அந்தத் தண்ணீரில் மீன்குஞ்சு விடாமலும், மாட்டுக்குக் காட்டாமலும் இருக்க இந்த முடிவு போதும். எண்ணிக்கையை எழுதிய தாளுடன் வேளாண்மை உதவி அலுவலரை அணுகவும். கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியிலும், மீன் சம்பந்தமாகத் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியிலும் ஆலோசனை கேட்கலாம். சோதனைக்குப் பயன்படுத்திய பாட்டில்களை மீண்டும் சமையலுக்கோ குடிநீருக்கோ எடுக்க வேண்டாம்.

அடுத்த முறை மருந்து வாங்கும்போது முக்கோணத்தின் நிறத்தைப் பார்த்துக் கையுறையும் முகமூடியும் முடிவு செய்யுங்கள். அத்தோடு நில்லாமல் டப்பாவுடன் வரும் துண்டுத்தாளில் மீன், நீர்நிலை பற்றிய எச்சரிக்கை இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள், அல்லது பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நிறம் எதுவாக இருந்தாலும், தெளித்த வயலின் மடையை நான்கைந்து நாள் அடைத்து வையுங்கள். இதற்குச் செலவு ஒரு கூடை மண்தான்.